கருப்பனின் வயது நூறு

ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்தது. தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்நாவலைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகள், கருத்தரங்கக் கட்டுரைகள் ஆகியவற்றுள் கைக்கு எட்டியவற்றை அண்மைக்காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். காலனியம், தேசியம், கலப்புப் பண்பாடு, போலச்செய்தல், அதிகாரம் என யாவும் அவற்றில் உள்ளன; சிரிப்பு ஒன்றுதான் இல்லை. இது பள்ளிச் சிறுவன் ஒருவனைப் பற்றிய நகைச்சுவை நாவல் என்பதைக் கட்டுரையின் முதற்பத்தி ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் பத்தியிலிருந்து அச்செய்தி மறக்கப்பட்டுவிடுகிறது.

இந்நாவலின் சிரிப்பைப் புறந்தள்ளிவிட்டு அதன் அரசியலைப் பேச இயலாது என்று கருதுகிறேன். அச்சிரிப்பு யாருடையது, யாரைப் பார்த்து எழுகிறது, யார் முன்னிலையில் அடங்கிப்போகிறது என்று கேட்டால்தான் அரசியல் தெரியவரும். இதை எனக்குக் காட்டியது கோட்பாட்டு நூல் எதுவும் அன்று. என் ஊரான மார்டள்ளியின் சிறுவர்கள். பதிவு நீளமானது. பொறுமையுள்ளவர்கள் தொடர்க.

நாவலில் ஆண்டிறுதித் தேர்வின் கடைசி நாள் தமிழ்த் தேர்வு. ஆம், தமிழ்த் தேர்வுதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவலின் நாயகன் எழுதும் தேர்வு அது என்பதை நம் கட்டுரைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஐந்து மணி வரை நேரமிருக்க, சுவாமிநாதன் நாலரைக்கே எழுதி முடித்துவிடுகிறான். ஆறு வினாக்கள். நான்காவதற்கு எழுதியது தவறு என்று அவனுக்கே தெரியும். ஆறாவதுதான் அவன் மிகவும் நிறைவாக எழுதியது. அதற்கு ஒரு நிமிடமே ஆயிற்று. பிராமணனும் புலியும் கதையிலிருந்து பெறப்படும் நீதி யாது என்பது வினா. பொற்காப்பைக் காட்டி ஆளைக் கூப்பிட்டு அடித்துத் தின்னும் புலியின் கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. புலி பொற்காப்பைக் கொடுத்தால் வாங்கக் கூடாது என்ற பொருளில் ஒரே வரியில் சுவாமி விடை எழுதிவிட்டான். மற்றவர்கள் அதற்கு எவ்வளவு எழுதினார்கள் என்று வெளியே வந்து கேட்டறிந்த பிறகுதான் அவனுக்குக் கலக்கம் பிறக்கிறது.

அவன் விடையில் என்ன பிழை என்று சிந்தித்துப் பாருங்கள். கதையை அது நடந்தவாறே நம்பியவன் அவன் ஒருவனே. மற்றவர்கள் கதையை நீக்கிவிட்டு நீதியைப் பக்கக்கணக்கில் நீட்டியிருக்கிறார்கள். மதிப்பெண் அவர்களுக்கே. தொண்ணூறு ஆண்டுகளாக நாமும் இந்நாவலுக்கு ஆறாவது வினாவின் விடையையே எழுதிக்கொண்டிருக்கிறோம், பக்கக்கணக்கில்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடம் என்னும் நான்கைச் சுட்டுகிறது. நம் ஆய்வாளர்கள் மேலைநாட்டு நகைக் கோட்பாடுகளைத் தேடிப் போகும் முன் இந்நான்கையும் ஒருமுறை பொருத்திப் பார்த்திருக்கலாம். சுவாமியின் தமிழ் விடையில் நாம் காண்பது இளமையும் பேதைமையும். ஆனால் எட்டனுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சத்தின் களங்கள். இறை என்னும் சொல்லுக்குள் அரசனை மட்டுமன்றித் தந்தையையும் ஆசிரியரையும் அடக்கிக்கொள்ள இடமுண்டு. இந்நாவலின் நகை, அச்சத்தோடு ஒட்டிப் பிறந்தது. ஒன்றைப் பிரித்தால் மற்றது நிற்காது.

மாம்பழக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விடுமுறையில் தந்தை சுவாமியைக் கணக்குப் போட உட்கார்த்துகிறார். இராமனிடம் பத்து மாம்பழங்கள். அவற்றைப் பதினைந்து அணாவுக்கு விற்க வேண்டும். கிருஷ்ணனுக்கு நான்கு வேண்டும். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? சுவாமியின் மனம் எண்களில் நிற்கவில்லை. பழம் கனிந்ததா இல்லையா என்பதே அவன் ஐயம். விலை அதைப் பொறுத்தது அன்றோ? வழக்கறிஞரான தந்தைக்கு இந்த வாதத்தின் நியாயம் விளங்கியிருக்க வேண்டும்; விளங்கவில்லை, காதைத் திருகுகிறார். இறுதியில் ஆறணா என்ற விடை வந்தே விடுகிறது. விடை வந்ததும் பையன் அழுதுவிடுகிறான். விடை சரியாக அமைந்த இடத்தில் அழுகை! நகையும் அழுகையும் மெய்ப்பாட்டு வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை; இங்கே ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

நாராயணின் வாழ்க்கைச் செய்திகளுள் சிலவற்றை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். பெயரின் முதலெழுத்து ராசிபுரத்தைக் குறிப்பது. 1906இல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, தந்தை தலைமையாசிரியராக இருந்த மைசூருக்கு வந்தவர். கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று ஓராண்டு வீட்டிலிருந்தவர். சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாக நிற்குமாறு தலைமையாசிரியர் பணித்ததால் வேலையையே விட்டவர். நாவலின் இறுதிப் பகுதியில் சுவாமி போர்டு பள்ளியைவிட்டு ஓடுவதும் ட்ரில் வகுப்பின் காரணமாகவே என்பதை இதனோடு சேர்த்துப் படிக்கையில், அந்தத் தலைமையாசிரியர் தமிழரின் நன்றிக்கு உரியவர் என்றே தோன்றுகிறது. பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய கைப்பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு எழுதியதும், நண்பர் அதைக் கிரகாம் கிரீனிடம் கொடுத்ததும் பலர் அறிந்த வரலாறு. 'ஸ்வாமி, தி டேட்' என்று நாராயண் வைத்த தலைப்பு அப்போதுதான் மாற்றப்பட்டது. டேட் அக்காலத்து ஆங்கிலப் பந்துவீச்சாளர். அவர் யாரென்றே பாட்டிக்குத் தெரியவில்லையே என்று சுவாமி சலித்துக்கொள்வான்.

மால்குடி எங்கே இருக்கிறது என்ற வினாவுக்குப் பலர் பல விடை தருகிறார்கள். 1980களில் சங்கர் நாக் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது ஆகும்பேயில் படம்பிடித்தார். அதன்பின் கன்னட நண்பர்களுக்கு மால்குடி மலைநாட்டு ஊர் ஆகிவிட்டது. அவர்களுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் நூலுக்குள் இருக்கும் மால்குடிக்குத் திருச்சி அருகில் இருக்கிறது. கிரிக்கெட் மட்டைக்குச் சென்னை மவுண்ட் ரோட்டுக் கடைக்குக் கடிதம் போகிறது. பள்ளியில் தமிழ்த் தேர்வு நடக்கிறது. மைசூர் மன்னராட்சிப் பகுதியில் வாழ்ந்தவர், சென்னை மாகாணத்து ஊர் ஒன்றைக் கற்பனை செய்திருக்கிறார்.

இங்கே மார்டள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று சாமராஜநகர் மாவட்டம் ஹனூர் வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர், நாவல் வெளிவந்த 1935இல் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தது. அதாவது சென்னை மாகாணம். நாராயண் வாழ்ந்த மைசூர் அப்போது எங்களுக்கு வேற்று அரசு. மால்குடியும் மார்டள்ளியும் ஒரே அரசின்கீழ் இருந்த ஊர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆயிற்று. எனினும் எங்கள் கோயில் மைசூர் மறைமாவட்டத்தது; ஊரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் கத்தோலிக்கர்; மூத்தவர்கள் இன்றும் மைசூர்க்காரர் என்றே தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலும் பூசையிலும் தமிழ், பள்ளியில் கன்னடம், முன்னேற்றம் என்று ஒன்று வாய்த்தால் ஆங்கிலம்.

சென்ற மே விடுமுறையில் ஊரில் இருந்தபோது, மாலை வேளைகளில் பதினைந்து சிறுவர் சிறுமியருக்கு இந்நாவலைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். படித்துக் காட்டவில்லை, நூலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பேச்சில் சொன்னேன். தலைப்பைச் சொன்னதுமே இடர். எங்கள் ஊரில் சாமி என்றால் பங்குச் சாமியார். சாமியும் அவருடைய நண்பர்களும் என்றதும், பங்கு ஆலோசனைக் குழுவைப் பற்றிய கதை என்று கருதி இருவர் எழுந்து போக முற்பட்டார்கள். பிறகு எல்லாம் சரளமாகச் சென்றது. மாம்பழக் கணக்கில் அணா என்றால் என்ன என்பதை விளக்கிக்கொண்டிருந்தபோதே, பின்னாலிருந்து ஒருவன், 'செந்தூரமாண்ணா, பாதாமியா?' என்றான். சுவாமியின் ஐயத்தைச் சுவாமிக்கு முன்பே அவன் கேட்டுவிட்டான். நான் வாசித்த எந்த ஆய்வேடும் இப்பையன் அளவுக்கு நாவலாசிரியரோடு நெருங்கி வரவில்லை.

எபனேசர் வாத்தியார் காட்சிக்கு வந்தபோது எனக்குச் சிறிது தயக்கம் இருந்தது. ஆல்பர்ட் மிஷன் பள்ளியின் வேதபாட ஆசிரியர் இந்துக் கடவுளரை இழித்துப் பேசுகிறார், இயேசு ஏன் மீனும் இறைச்சியும் உண்டார், ஏன் மது அருந்தினார் என்று சுவாமி எதிர்வினா எழுப்புகிறான், காது முறுக்கப்படுகிறது. மறுநாள் தந்தையின் கடிதம் தலைமையாசிரியருக்குச் செல்கிறது. மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? அவர்களுக்கு அத்தகைய சிக்கல் எதுவுமில்லை. அவர்கள் கேட்ட ஒரே கேள்வி: 'அவரு ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?' மிஷன் பள்ளி ஆகையால் ஆர்.சி. இல்லை என்று சொன்னதும் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. நாம் கருத்தரங்கில் நாள்முழுதும் பேசும் 'சமய அடையாளம்' அங்கே அரை நிமிடத்தில் தீர்ந்தது.

ஆயினும் ஒரு கருத்தை இவ்விடத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். எபனேசரைப் பார்த்து எழும் நகை எள்ளல் வகையது. அவ்வகை நகையை எழுப்ப, எள்ளுபவன் எள்ளப்படுபவனைவிட உறுதியான தரையில் நிற்க வேண்டும். சுவாமியின் தந்தை வழக்கறிஞர். ஒரு கடிதத்தால் தலைமையாசிரியரை அசைக்க வல்லவர். வேறு பள்ளிக்கு அனுப்புவேன் என்று சொல்ல வல்லவர். கடிதம் எழுத ஆளில்லாத வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால் என்ன செய்திருப்பான் என்று நாவல் கேட்பதில்லை. நாம் கேட்கலாம்.

நாவலின் வேறோர் இடத்தில் அப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் வருகிறான். இப்பதிவை எழுதத் தூண்டியவன் அவனே.

ராஜம், மணி, சுவாமி மூவரும் ஊருக்கு வெளியே சாலையில் திரிந்துகொண்டிருக்கையில் மாட்டுவண்டி ஒன்று வருகிறது. ஓட்டிவருபவன் கிராமத்துச் சிறுவன். வண்டியை நிறுத்துகிறார்கள். ராஜத்தின் தந்தை போலீஸ் சூப்பரின்டெண்டெண்ட். ஆகையால் அந்தத் தோரணை ராஜத்துக்கு நன்றாகத் தெரியும். தாங்கள் அரசாங்கப் போலீஸ் என்று சொல்லி விசாரணை தொடங்குகிறது. பெயர் கருப்பன். வயது தெரியாது. தெரியாதா? நூறு என்று எழுதிக்கொள், சுவாமி. ஐயா, எனக்கு நூறு இல்லை என்று பையன் மன்றாடுகிறான். நூறுதான் என்று மிரட்டப்படுகிறான். மாட்டின் பெயர் என்ன? தெரியாது. அதற்கும் கருப்பன் என்றே எழுதப்படுகிறது. அது என் பெயர், மாட்டின் பெயர் அன்று என்று அவன் சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை. எழுதுகோல் சுவாமியின் கையில் இருக்கிறது.

நாவலின் மிகச்சிறந்த நகைச்சுவைப் பகுதிகளுள் ஒன்று இது. மைசூரிலும் சென்னையிலும் இதை வகுப்பில் வாசித்துக் காட்டினால் அறை முழுதும் சிரிக்கும். மார்டள்ளியில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். வயது நூறு என்றபோது சின்னவர்கள் சிரித்தார்கள். மாட்டின் பெயர் கருப்பன் என்றபோது அச்சிரிப்பும் குறைந்தது. பெரிய பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதிருக்கும் ஒருத்தி, 'எழுதுன தாள் என்னாச்சுண்ணா? கிழிச்சாங்களா, வெச்சுக்கிட்டாங்களா?' என்று கேட்டாள். சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் தலைநிமிராமலே, 'பையன வூட்டுக்கு வுட்டுட்டாங்களா, சாமி?' என்றார்.

அத்தாளின் கதி என்ன என்ற வினாவை நான் வாசித்த ஆய்வேடுகள் எவற்றிலும் கண்டதில்லை.

காரணத்தை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மார்டள்ளி என்ற பெயரை வெளியுலகம் அறிந்ததே 1990களின் செய்தித்தாள்கள் வழியாகத்தான். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே நடந்த கண்ணிவெடித் தாக்குதலுக்குப் பின் வீரப்பனைத் தேடிய கர்நாடக, தமிழக அதிரடிப்படைகளின் விசாரணைக்கு மாதேசுவர மலையடிவாரத்து ஊர்கள் ஆட்பட்டன. தடா சட்டத்தின்கீழ்ப் பலர் கைதாயினர். அதிரடிப்படையினர்மீது எழுந்த புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. கருப்பனிடம் கேட்கப்பட்ட அதே கேள்விகள்: பெயர் என்ன, வயது என்ன, எங்கே போகிறாய், வண்டியில் என்ன? விடை எதுவாயினும் எழுதப்பட்டதே உண்மை. அந்நாட்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் இது அயலான செய்தி அன்று. தமிழ்ப் பெயரைக் கன்னடத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறி, அதன் பிறகு ஆங்கிலத்தில் வேறோர் எழுத்து மாறி, மூன்று சான்றிதழ்களில் மூன்று ஆட்களாக இருப்பவர்கள் அவர்களுள் பலர். என் பள்ளி இறுதிச் சான்றிதழில் நான் என் தம்பியைவிட ஒரு வயது இளையவன்.

எனவே நாவலில் யாரோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொள்வது என்பது மார்டள்ளிப் பிள்ளைகளுக்கு எளிதில் முடிவாகிவிட்டது. மாம்பழக் கணக்கில் அவர்கள் சுவாமி. வண்டிக் காட்சியில் கருப்பன். ஒரே நூலுக்குள் ஒரே மாலையில் அவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். நகையின் களம் எள்ளலா, இளமையா என்பது வாசகர் வண்டியின் எப்பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று இதனால் துணிகிறேன்.

இதைக் கொண்டு நாராயணைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அன்று. அது மிக எளிது. ஆதலால் பலரும் செய்கிறார்கள். நான் காண்பது வேறு. இந்நாவல் முழுவதும் வினாக்களால் ஆனது. தந்தை கேட்கிறார், விடை சொல்லிவிட்டுச் சுவாமி அழுகிறான். தேர்வுத்தாள் கேட்கிறது, ஒரு வரியில் தப்புகிறான். எபனேசர் வகுப்பில் அவனே கேட்கிறான், காது முறுக்கப்படுகிறது. வினா கேட்கும் உரிமை யாருக்கு என்பதை அவன் உடம்பாலேயே கற்றுக்கொண்டிருக்கிறான். வினாக்கள் கேட்கப்படுகையில் எழுதிக்கொள்ளும் இடம் அவனுக்குக் கிடைப்பது இந்த மாட்டுவண்டிக்கு முன்னால்தான். கிடைத்ததும் என்ன செய்கிறான்? தனக்குச் செய்யப்பட்டதையே திருப்பிச் செய்கிறான், ஒரு மாற்றும் இன்றி. பள்ளி அவனுக்குக் கணக்கைச் சரியாகக் கற்பிக்கவில்லை, விசாரணையைக் கற்பித்துவிட்டது. நகைச்சுவைக் காட்சியாக இதை எழுதி, ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார் நாராயண். அவர் இதைத் தெரிந்து செய்தாரா என்ற விவாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. பனுவலில் இருக்கிறது, அது போதும்.

வளர்தல் என்ற சொல்லை இந்நாவல் குறித்த கட்டுரைகளில் அடிக்கடி காண்கிறோம். சுவாமி எதுவாக வளர்கிறான் என்பதற்கு இக்காட்சி தரும் விடை அத்துணை இனியதன்று.

காட்டைப் பற்றியும் ஒரு சொல். பள்ளியைவிட்டு ஓடிய சுவாமி மெம்பிக் காட்டுச் சாலையில் இருட்டில் வழிதவறுகிறான். யானை துரத்துவதாகக் கற்பனை. பிள்ளையாருக்குத் தேங்காய், திருப்பதிக்கு நேர்த்திக்கடன். அணங்கும் விலங்கும் ஒன்றாக வந்துவிட்டன. அவனைக் கண்டெடுப்பவன் ரங்கன் என்னும் வண்டிக்காரன். சாலையில் வண்டிக்காரச் சிறுவனை அழவைத்தவனைக் காட்டில் இன்னொரு வண்டிக்காரன் தூக்கிச் செல்கிறான்! பின்னர் அவனை வீடு சேர்ப்பவர் வனத்துறை அதிகாரி. என் கேட்போர் இதை ஏற்கவில்லை. காட்டுக்குப் போய் விறகோ புல்லோ கொண்டுவந்த அனுபவம் அவர்கள் வீடுகளில் எல்லாம் உண்டு. காட்டில் இருட்டிவிட்டால் தண்ணீர் போகும் பக்கம் நடக்க வேண்டும் என்று சுவாமிக்குக் கற்றுக்கொடுக்க ஒருவன் முன்வந்தான். வனத்துறை அதிகாரி அன்பாகப் பேசி வீட்டுக்கு அனுப்பினார் என்றதும், கதைதானே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அச்சத்தின் களங்கள் நான்கும் எங்கள் மலையடிவாரத்தில் வேறு வரிசையில் நிற்கின்றன.

இந்நாவலைப் பள்ளிப்பருவத்தின் இனிய நினைவாகக் கொள்ளும் வழக்கத்தையும் மறுக்க வேண்டியுள்ளது. மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட நாராயண் 1989இல் அங்கே ஆற்றிய கன்னிப்பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன? இலக்கியம் அன்று, ஆங்கிலத்தின் இடம் அன்று. பள்ளிப் பையின் எடை. மூட்டை சுமந்து முதுகு வளைந்து, கைகள் முன்னே தொங்க மனிதக்குரங்குகளைப் போல நம் பிள்ளைகள் நடக்கிறார்கள் என்று எண்பத்திரண்டு வயதில் அவையில் நின்று பேசினார். 1992இல் அமைக்கப்பட்ட யஷ்பால் குழு 1993இல் அளித்த 'சுமையற்ற கற்றல்' அறிக்கை அப்பேச்சை நினைவுகூர்கிறது. சுவாமியை எழுதியவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பள்ளியை மன்னிக்கவில்லை. நாம்தான் அவர் சார்பில் மன்னித்துவிட்டோம்.

தமிழ் ஆசிரியர்களிடையே 'டோட்டோ-சான்' பெற்ற வரவேற்பு இந்நாவலுக்கு ஏன் கிட்டவில்லை என்று நெடுநாள் வியந்ததுண்டு. குரோயானாகியின் அந்நூல் அரிய நூல், ஐயமில்லை. ஆனால் அதில் நல்ல தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வாசிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மை அவராக எண்ணிக்கொள்ள முடிகிறது. சுவாமியின் உலகில் ஆசிரியர்கள் அமர்ந்துகொள்ளத்தக்க நாற்காலி இல்லை. இருப்பதெல்லாம் பிரம்பு, அதையும் சுவாமி சன்னல் வழியே எறிந்துவிடுகிறான். இரா. நடராசனின் 'ஆயிஷா' நம் வகுப்பறைகளின் வன்மையை நேரடியாகச் சொன்னது. அங்கே நாம் அழுதோம். அழுதபின் மனம் இலேசாகிவிடுகிறது. சிரித்தபின் அப்படி ஆவதில்லை.

எனது வேண்டுகோள் இரண்டு. முதலாவது, இந்நூலை முதுகலை வகுப்பிலிருந்து நடுநிலைப் பள்ளிக்கு இறக்குங்கள். தமிழில், கன்னடத்தில், அந்தந்த ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் நீதி கேட்காதீர்கள். ஆங்கிலம் அறிந்தோர்க்கே இது உரியது என்ற நிலை, தமிழ்த் தேர்வு எழுதிய பையனுக்கு நாம் செய்யும் அநீதி.

இரண்டாவது, கருப்பனின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பள்ளி நாவல், அதுவும் சிரிக்க வைக்கும் நாவல், தமிழில் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கரிசல் சிறுவனின் உலகைச் சொல்வது. ஆனால் அங்கே பறவைகள் நடுவில், பள்ளி ஓரத்தில். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் வரும் பிள்ளைகள் ஆடு மேய்க்கிறார்கள். பள்ளியின் வாசலே அவர்களுக்கு இல்லை. என் தேடலுக்கு மிக அருகில் வருவது கன்னடத்தில் சித்தலிங்கையாவின் 'ஊரு கேரி'. பாவண்ணன் 'ஊரும் சேரியும்' என்று தமிழாக்கியிருக்கிறார். பசியையும் விடுதியையும் சாதியையும் பார்த்து ஒரு பிள்ளை சிரிக்கும் சிரிப்பு அதில் இருக்கிறது. அது தன்வரலாறு, நாவல் அன்று. எனினும் கருப்பன் படித்து முடித்து எழுதியிருந்தால் ஏறத்தாழ அப்படித்தான் எழுதியிருப்பான்.

வரும் மே மாதம் அதே பிள்ளைகளுக்கு 'ஊரும் சேரியும்' சொல்வதாக இருக்கிறேன். அதனோடு சேர்த்துச் சொல்லத்தக்க நூல்கள், தமிழிலோ கன்னடத்திலோ, யாருக்கேனும் தெரிந்திருந்தால் எழுதுங்கள். ஈழத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வாசிக்கும் நண்பர்களிடம் இதைத் தனியே கேட்கிறேன். தோட்டப் பள்ளிகளைப் பற்றி இத்தகைய நூல் அங்கே இருக்கக்கூடும். பக்க எண்ணிக்கை பொருட்டன்று. நீதி இல்லாததாக இருந்தால் நலம்.